சக்கரமும் செயற்கைக்கோளும்

நுழையும்முன்

மிதிவண்டியில் கடந்த தொலைவையும் ஏறிய உயரத்தையும் திறன்பேசி இன்று உடனுக்குடன் காட்டிவிடுகிறது. அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன? அவற்றுள் எதனை நம்பிப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்? எதனை நம்பி மலைச்சாலையில் விரையக் கூடாது? பரங்கிமலைச் சங்கிலி முதல் கல்லட்டி வளைவுகள் வரை நீளும் ஓர் அளவையின் வரலாற்றையும் அதன் எல்லைகளையும் இவ்வுரைநடை விளக்குகிறது.

பரங்கிமலையில் ஐம்பத்தேழு நாள்கள்

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் என்னும் நில அளவையாளர் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை நீட்டிக் கிடத்தி அளந்தனர். வெயில் பட்டால் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் உடனுக்குடன் குறித்துக்கொண்டனர். பணி முடிய 57 நாள்கள் ஆயின. பின்னாளில் இமயம் வரை நீண்ட இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு இக்கோடே அடித்தளமாயிற்று.

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் அதே 12 கிலோமீட்டரை இன்று ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். சட்டைப்பையில் உள்ள திறன்பேசி, பயணம் முடிந்த நொடியிலேயே தொலைவை இரண்டு தசமத் தானங்கள் வரை சொல்லிவிடும். இரண்டு தசமத் தானங்கள் என்பது பத்து மீட்டர் வரை துல்லியம் என்னும் உறுதிமொழி. அந்த உறுதிமொழியைத் திறன்பேசியால் எப்போதும் காப்பாற்ற முடிவதில்லை. லாம்ப்டன் தம் சங்கிலி எவ்வளவு பிழைபடும் என்பதை அறிந்திருந்தார். அறிந்த பிழையைக் கழித்தே விடையை எழுதினார். திரையோ விடையை மட்டும் காட்டுகிறது, பிழையைக் காட்டுவதில்லை. அப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது மிதிவண்டிப் பயணிக்கு வெறும் அறிவியல் ஆர்வம் அன்று. எந்தச் சாலையில் செல்வது, எப்போது புறப்படுவது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்னும் முடிவுகள் அதனைச் சார்ந்தவை.

நேரமே தொலைவு

ஜி.பி.எஸ். எனப்படும் புவியிடங்காட்டி அமைப்பின் செயற்கைக்கோள்கள் நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. அவை திறன்பேசியைப் பார்ப்பதும் இல்லை, தேடுவதும் இல்லை. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு’ என்னும் செய்தியை இடைவிடாது ஒலிபரப்புவதே அவற்றின் வேலை. திறன்பேசியில் உள்ள அலைவாங்கி அச்செய்தியைப் பெற்று, அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் செயற்கைக்கோளின் தொலைவு கிடைக்கும்.

தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து செய்தி வந்துசேர ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. ஒளி ஒரு நொடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆகவே நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருப்பது இதனால்தான். திறன்பேசியில் இருப்பதோ எளிய கடிகாரம். அதன் பிழையையும் ஓர் அறியாக் கணியமாகக் கொண்டு தீர்க்க வேண்டியிருக்கிறது. நீளம், அகலம், உயரம், நேரம் என நான்கு அறியாக் கணியங்கள் இருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடும் இங்கே வேலை செய்கிறது. உயரத்தில் விரைந்து செல்லும் கடிகாரங்கள் நிலத்தில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்திச் செல்கின்றன. இது திருத்தப்படாவிட்டால் ஒரே நாளில் பதினொரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். கரும்பலகையில் எழுதப்பட்ட ஒரு சமன்பாடு, சந்தைக்குச் செல்பவரின் சட்டைப்பை வரை வந்து பயன்படுவது வியப்புக்குரியது.

அமெரிக்கா தன் பாதுகாப்புக் கருதிப் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதனை நிறுத்தியது. அதன் பிறகு சாதாரண மக்களுக்கு இக்கருவி மேலும் பயன் தருவதாயிற்று. இன்று இரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் ஆகிய அமைப்புகளும் உள்ளன. இவற்றுள் பலவற்றை ஒருங்கே கேட்கும் திறன்பேசிகள் பெருகியுள்ளன. திறந்த வானத்தின்கீழ் ஒரு திறன்பேசி காட்டும் இடம், உண்மையான இடத்திலிருந்து பெரும்பாலும் ஐந்து மீட்டர் தொலைவுக்குள் இருக்கும்.

‘திறந்த வானத்தின்கீழ்’ என்பதே இங்கு முதன்மையான சொல். புளியமரங்கள் கவிந்த சாலையில் இலைகள் அலையை நலிவுறச் செய்கின்றன. மாடிக் கட்டடங்கள் நிறைந்த தெருவில் அலை சுவரில் பட்டுத் திரும்பி, நீண்ட வழியில் வந்து சேர்கிறது. கருவி அதனை நேர்வழியில் வந்ததாக எண்ணிக்கொள்கிறது. மலைச்சாலையில் ஒருபுறம் பாறைச்சுவர் எழுந்து பாதி வானத்தை மறைத்துவிடும். துல்லியம் மிகுதியாகத் தேவைப்படும் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அது குறைகிறது.

நடுங்கும் கோடு

ஐந்து மீட்டர் பிழை என்றால் நாற்பது கிலோமீட்டர்ப் பயணத்தில் அது பொருட்டில்லையே என்று தோன்றலாம். ஒருமுறை மட்டும் பிழை நேர்ந்தால் பொருட்டில்லைதான். ஆனால் செயலி ஒவ்வொரு நொடியும் ஒரு புள்ளியைக் குறித்து, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, அக்கோடுகளின் நீளங்களைக் கூட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியும் தன் பங்குக்குச் சற்றே நடுங்குகிறது.

மலை ஏறும் மிதிவண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது ஒரு நொடியில் கடப்பது 2.5 மீட்டர். அடுத்த புள்ளி பக்கவாட்டில் ஒரு மீட்டர் விலகி விழுந்தால், பிதாகரசு தேற்றத்தின்படி இணைப்புக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 2.69 மீட்டர் ஆகிவிடும். இது ஏழு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மிகை. அதே மிதிவண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஒரு நொடியில் 10 மீட்டர் செல்கிறது. அதே ஒரு மீட்டர் விலகல் அப்போது 10 மீட்டரை 10.05 மீட்டராக மட்டுமே ஆக்கும். சாலை ஒன்றே, கருவி ஒன்றே, ஏறும்போது ஒரு நீளம், இறங்கும்போது வேறொரு நீளம். அடுத்தடுத்த நொடிகளின் பிழைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதாலும், செயலிகள் கோட்டை நேர்ப்படுத்தி விடுவதாலும் திரையில் தெரியும் வேறுபாடு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் அருகருகே சென்ற இருவரின் திறன்பேசிகள் இரு வேறு தொலைவுகளைக் காட்டுவதற்கு இதுவே பெரும் காரணம்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மின்கலத்தைச் சேமிக்கச் சில கருவிகள் சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டுமே புள்ளி வைக்கின்றன. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவின் அரைவட்ட நீளம் 31 மீட்டருக்குச் சற்று மேல். வளைவின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் முடிவில் ஒரு புள்ளியும் மட்டும் விழுந்தால், இடைப்பட்ட நேர்கோடு 20 மீட்டர்தான். ஒரு வளைவுக்குப் பதினொரு மீட்டர் காணாமல் போகிறது. ஆக, நேர்ச்சாலை நீள்கிறது, வளைவுச்சாலை குறுகுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

இதனோடு பழைய முறையை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. சக்கரத்தின் கம்பியில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்தி, அது சுற்றும் எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். சுற்றளவு 2.1 மீட்டர் எனில் ஒரு கிலோமீட்டருக்கு 476 சுற்றுகள். மரநிழலோ பாறைச்சுவரோ இவ்வெண்ணிக்கையைக் கெடுப்பதில்லை. காற்று இறங்கினால் மட்டும் சக்கரத்தின் ஆரம் சற்றுக் குறைந்து சுற்றுகள் கூடும். சுற்றளவு ஒரு விழுக்காடு குறைந்தால் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் மிகையாகக் காட்டும். ஆனால் இப்பிழை ஒரே பக்கமாகச் சாய்வது; நிலையானது. ஆகவே ஒருமுறை கண்டறிந்தால் என்றும் திருத்தலாம். செயற்கைக்கோளின் பிழை நொடிக்கு நொடி திசைமாறுவது. நிலையாகப் பிழைபடும் கருவி, நிலையின்றிச் சரியாகக் காட்டும் கருவியைவிடச் சிலபோது மேலானது.

தெரிந்து தெளிவோம்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். பன்னாட்டுப் போட்டிகளுக்கான பாதையை இன்றும் செயற்கைக்கோளால் அளப்பதில்லை, மிதிவண்டியால்தான் அளக்கின்றனர். முன்சக்கரத்தில் பொருத்தப்படும் ‘ஜோன்ஸ் எண்ணி’ என்னும் சிறு பல்சக்கரக் கருவி, சக்கரத்தின் சுற்றுகளைப் பின்னங்கள் வரை எண்ணித் தருகிறது. அளக்கும் முன்னும் பின்னும், எஃகு நாடாவால் துல்லியமாக அளந்து குறித்த நேர்ச்சாலையில் மிதிவண்டியை ஓட்டிச் சக்கரத்தைச் சரிபார்ப்பர். பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூட்டியே அமைப்பர். கைக்கடிகாரம் காட்டும் தொலைவு கூடுதலாக இருக்கிறது என்று ஓட்டவீரர்கள் முறையிடுவது வழக்கம். நடுங்கும் கோடும், வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி ஓடாமையும் அதற்குக் காரணங்கள்.

கடற்கரையில் ஒரு மலையேற்றம்

தொலைவைவிட உயரமே கருவிகளைத் திணறடிப்பது. செயற்கைக்கோள்கள் அனைத்தும் தலைக்கு மேலே உள்ளன. காலுக்குக் கீழே உள்ளவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. நான்கு பக்கமும் சாட்சிகள் இருந்தால் கிடக்கைத் தளத்தில் இடத்தைக் காண்பது எளிது. மேற்பக்கம் மட்டும் சாட்சிகள் இருந்தால் உயரத்தைக் காண்பது அரிது.

‘கடல் மட்டம்’ என்பதும் எளிய சொல் அன்று. செயற்கைக்கோள் அமைப்பு பூமியை வழவழப்பான நீள்வட்டத் திண்மமாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக அமைகிறது. உலகிலேயே மிக ஆழமான அத்தகைய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல் மட்டம் அக்கற்பனைப் பரப்பைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. தமிழகக் கடற்கரையும் அப்பள்ளத்தின் சரிவிலேயே கிடக்கிறது. திருத்தம் செய்யாத அலைவாங்கியுடன் கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றால், ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் கடலுக்கடியில் நிற்பதாக அது சொல்லும். கருவிகள் ஓர் அட்டவணையைக் கொண்டு இதனைச் சரிசெய்துகொள்கின்றன.

இதனைச் சரிசெய்த பின்னும் ‘மொத்த ஏற்றம்’ என்னும் எண் எஞ்சி நிற்கிறது. பயணத்தில் ஏறிய உயரங்களை மட்டும் கூட்டி, இறங்கியவற்றை விட்டுவிடும் கணக்கு இது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை செல்லும் பாதை பெரும்பாலும் சமதளம். அப்பாதையின் ஐம்பது கிலோமீட்டரில், நூறு மீட்டருக்கு ஒருமுறை கருவி ஒரு மீட்டர் பொய்யாக ஏறி இறங்கினால், பயண முடிவில் 500 மீட்டர் மலை ஏறியதாகக் காட்டும். இதனைத் தவிர்க்கச் செயலிகள் சிறு ஏற்றங்களைக் கணக்கில் கொள்வதில்லை. எவ்வளவு சிறியது ‘சிறியது’ என்பதைச் செயலிக்குச் செயலி வெவ்வேறாக முடிவு செய்கின்றனர். சில செயலிகளில் பாலங்களும் மேடுகளும் மறைந்துவிடுகின்றன. அதனால் ஒரே பயணம் இரண்டு செயலிகளில் இரண்டு உயரங்களைப் பெறுகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்பதைவிட, எந்த அளவுகோலால் அளந்தது என்று கேட்பதே பொருத்தம். கடற்கரையின் நீளமும் இத்தகையதே. சிறிய அளவுகோலால் அளக்க அளக்க அதன் நீளம் கூடிக்கொண்டே போகும் என்பதை லூயிஸ் ரிச்சர்ட்சன் கண்டார். அதனை 1967இல் பெனுவா மாண்டெல்பிராட் தம் கட்டுரையால் உலகறியச் செய்தார்.

சில கருவிகளில் காற்றழுத்தமானி உண்டு. கடல் மட்டத்தை ஒட்டிய பகுதிகளில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் உயரம் எட்டரை மீட்டர் அளவுக்குக் கூடியிருக்கிறது என்பது அதன் கணக்கு. மலையில் தொடர்ந்து ஏறும்போது இது செயற்கைக்கோளைவிட நம்பத்தக்கது. ஆனால் நம் நாடு போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் நாள்தோறும் முற்பகல் பத்து மணியளவில் உச்சமுற்று, மாலை நான்கு மணியளவில் மூன்று, நான்கு மில்லிபார் தாழ்கிறது. மிதிவண்டியைப் புளியமரத்தடியில் சாய்த்துவிட்டுப் பகல் முழுதும் உறங்கினாலும் அது முப்பது மீட்டர் வரை ஏறியதாகக் கருவி குறித்துக்கொள்ளும்!

இப்பிழையைத் திருத்த ஓர் எளிய வழி நம் ஊர்களிலேயே இருக்கிறது. தொடர்வண்டி நிலையங்களின் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையின் அடியில், கடல் மட்டத்திலிருந்து அந்நிலையத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கும். மேட்டுப்பாளையம் நிலையம் ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்திலும், மலைத் தொடர்வண்டியின் 46 கிலோமீட்டர்ப் பாதை முடியும் உதகை நிலையம் ஏறத்தாழ 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவை நில அளவையாளர்கள் நடந்து அளந்த எண்கள். புறப்படும் முன் அப்பலகையின் எண்ணைக் கருவியில் பதித்துக்கொள்வது பழக்கமான பயணிகளின் வழக்கம். தொலைவுக்குச் சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் உதவும். தலை மஞ்சளாக இருப்பது தேசிய நெடுஞ்சாலைக் கல்; பச்சையாக இருப்பது மாநில நெடுஞ்சாலைக் கல். ஒரு கல் மட்டும் சாலை விரிவாக்கத்தின்போது இடம்பெயர்ந்திருக்கக் கூடும் என்பதால், பத்துக் கற்களையாவது கடந்து ஒப்பிட வேண்டும்.

முப்பத்தாறா, அறுபத்தேழா?

முதுமலையின் தெப்பக்காட்டிலிருந்து உதகைக்குச் செல்ல இரண்டு சாலைகள் உள்ளன. மசினகுடி, கல்லட்டி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கூடலூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 67 கிலோமீட்டர். வழிகாட்டும் செயலியிடம் கேட்டால் குறைந்த தொலைவுள்ள பாதையையே முதலில் நீட்டும். எண்ணை மட்டும் பார்ப்பவர் தயங்காமல் முதல் பாதையைத் தேர்வார்.

இரண்டு பாதைகளும் சென்று முடியும் உயரம் ஒன்றே. தெப்பக்காட்டுக்கும் உதகைக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,300 மீட்டர். கூடலூர்ச் சாலை இவ்வுயரத்தை நீண்ட தொலைவில் பரப்பித் தருகிறது. மற்றொன்றில் மசினகுடி வரை பெரிய ஏற்றம் இல்லை. ஏற்றத்தின் பெரும்பகுதி கல்லட்டிச் சரிவின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் குவிந்து கிடக்கிறது. 2008 முதல் நடைபெற்று வரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ மிதிவண்டிப் பயணத்தில், பழகிய வீரர்களையும் திணறச் செய்யும் பகுதியாகக் கல்லட்டி ஏற்றம் பேர்பெற்றுள்ளது.

செயலி காட்டும் ‘சராசரிச் சரிவு’ இங்கே ஏமாற்றும். பத்துக் கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏறும் இரண்டு சாலைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று முழுவதும் ஐந்து விழுக்காடு ஏறுகிறது. மற்றொன்று முதல் ஐந்து கிலோமீட்டர் சமதளம். பின் ஐந்து கிலோமீட்டர் பத்து விழுக்காடு. சராசரி இரண்டுக்கும் ஒன்றே. கால்களுக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதனைக் கணக்கிட்டே அறியலாம். பல வேகப் பற்சக்கரங்கள் இல்லாத சாதாரண மிதிவண்டி, மிதி ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நகர்கிறது. மாணவரும் மிதிவண்டியுமாக 75 கிலோகிராம் என்று கொண்டால், பத்து விழுக்காட்டு ஏற்றத்தில் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 74 நியூட்டன். ஐந்து மீட்டர் நகர 370 ஜூல் வேலை செய்ய வேண்டும். மிதியின் கைப்பிடி நீளம் 17 சென்டிமீட்டர் எனில், கால் ஒரு சுற்றில் நகரும் தொலைவு ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுதி. ஆகவே சுற்று முழுவதும் சராசரியாக 35 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைக் கால் செலுத்தியாக வேண்டும். கால் கீழ்நோக்கி அழுத்தும்போது மட்டுமே விசை முழுமையாகப் பயன்படுவதால், ஒவ்வொரு மிதிப்பிலும் எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் சாய்க்க நேரிடும். ஐந்து விழுக்காட்டு ஏற்றத்தில் இது பாதியாகிவிடுகிறது. ‘ஏறவே முடியவில்லை’ என்று இறங்கித் தள்ளுபவர் உடல்வலிமை அற்றவர் அல்லர்; அவருடைய பற்சக்கரம் அச்சாலைக்கு உரியதன்று.

நேரக் கணக்கும் இவ்வாறே மாறும். சமதளத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் செல்பவர், 36 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று திட்டமிடுவார். 75 கிலோகிராமை 1,300 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் ஜூல் தேவை. தொடர்ந்து 120 வாட் திறனுடன் மிதிப்பவருக்கு இதற்கு மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொலைவுக்கான நேரத்தோடு உயரத்துக்கான நேரத்தையும் சேர்க்காதவர், பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, இருள் கவியும் வேளையில் யானைகள் கடக்கும் சாலையில் நிற்க நேரிடும். அது புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. வனத்துறையின் விதிகளையும் நேர வரையறைகளையும் முன்னரே கேட்டறியாமல் அங்கே மிதிவண்டியை எடுத்துச் செல்லவே கூடாது. செயலியின் நீலக்கோடு யானையின் வழித்தடத்தை அறியாது. ஒற்றைப் பற்சக்கர மிதிவண்டிக்கு இவ்விரு பாதைகளுமே பொருத்தமானவை அல்ல என்பதே நேர்மையான விடை.

சமதளத்திலும் செயலி சொல்லாத ஒன்று உண்டு. அது காற்று. காற்றின் தடை, எதிர்ப்படும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவர் மீது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தடை நான்கு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி மேற்கே மிதிப்பவர்களுக்கு இதனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதே அதற்குச் சான்று. காற்றை எதிர்த்துப் போகும் பகுதியை உடல் சோராத முதற்பாதியில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வது அறிந்தோர் செயல். குடிநீர் கிடைக்கும் ஊர், பழுது பார்க்கும் கடை, நிழல், சரக்குந்துகளின் நெருக்கடி ஆகியவற்றை அவ்வழியில் நாள்தோறும் சென்று வருபவரிடம் கேட்டறிவதே இன்றும் சிறந்த முறை.

ஒரு நொடிக்கான போட்டி

மிதிவண்டிச் செயலிகள் பல, சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் யார் விரைவாகக் கடந்தார் என்று தரவரிசை வெளியிடுகின்றன. தனியே மிதிப்பவருக்கு இது ஊக்கம் தருவது உண்மைதான். ஆனால் அவ்வரிசையில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடிகளே இருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர் இடப்பிழை என்பது அரை நொடி. தொடக்கக் கோட்டில் அரை நொடி, முடிவுக் கோட்டில் அரை நொடி எனச் சேர்ந்தால் ஒரு நொடி. மணிக்கு 9 கிலோமீட்டரில் மலை ஏறுபவருக்கு இதே பிழை நான்கு நொடிகள் வரை வளரும். அளக்கும் கருவியின் பிழைக்குள் அடங்கிவிடும் வேறுபாட்டை வெற்றி என்றோ தோல்வி என்றோ அழைப்பது அறிவியலுக்கு ஒவ்வாது.

அந்த ஒரு நொடிக்காகச் செலுத்தப்படும் விலையோ மெய்யானது. வேகம் ஒன்றரை மடங்கானால், தடைபோட்டு நிற்கத் தேவைப்படும் தொலைவு இரண்டேகால் மடங்காகும். வளைவின் மறுபுறம் பேருந்து வருகிறதா என்பது தெரியாத இறக்கத்தில், கருவியால் பிரித்தறியவே இயலாத ஒரு நொடிக்காக இளைஞர் ஒருவர் தடையை விடுவிக்கிறார்.

இப்பதிவுகள் வேறு ஒன்றையும் வெளிப்படுத்துகின்றன. ஸ்ட்ராவா நிறுவனம் பயனர்களின் பாதைகளை எல்லாம் ஒன்றுதிரட்டி ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டிருந்தது. பாலைவனங்களில் அமைந்த படைத்தளங்களின் சுற்றுப்பாதைகள் அதில் ஒளிர்வதை 2018ஆம் ஆண்டு சனவரியில் பலர் சுட்டிக்காட்டினர். நாள்தோறும் ஒரே வாயிலில் தொடங்கி, அதே வாயிலில் முடியும் மாணவியின் பயணக்கோடு அவருடைய வீட்டையும் பள்ளியையும் புறப்படும் நேரத்தையும் அறியாதார்க்குக் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தையும் முடிவையும் மறைத்துவைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. அதனைத் தேடி இயக்கிய பின்னரே பதிவைத் தொடங்குவது நன்று.

மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சுமையேற்றிய சரக்குந்து முனகிக்கொண்டு வளைவில் திரும்பும்போது, இறங்கி வரும் மிதிவண்டிக்காரர் ஓரத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். அவருடைய சட்டைப்பையில் செயலி நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்க. அதே இடத்தில் திறன்பேசி காட்டும் உயரத்தை முற்பகலிலும் மாலையிலும் பதிவுசெய்து, வேறுபாட்டுக்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் இரண்டு வழிகளை எடுத்துக்கொண்டு, செயலி காட்டும் செய்திகளையும் அது காட்டாத செய்திகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.